வால்விலிருந்து சொட்டும் நீர்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பித்தளை வாத்தியம் வாசிப்பவர்களிடம் அடிக்கடி எழும் முறையீடுகளில் ஒன்று, வால்வுகளின் (விரலால் அழுத்திச் சுரத்தை மாற்றும் பகுதிகளின்) அடியிலிருந்து நீர் சொட்டி உடையையும் தரையையும் நனைக்கிறது என்பது. மடியில் வைத்து வாசிக்கும் யூஃபோனியம், பாரிடோன், டூபா ஆகியவற்றில் அது நேராகத் தொடையில் விழுகிறது. டிரம்பெட்டிலும் கார்னெட்டிலும் முழங்காலிலோ காலணியிலோ விழுகிறது. வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே இதைச் சமாளிக்க வழிகள் உண்டு. ஆனால் கத்தரிக்கோலையும் துணியையும் கையில் எடுப்பதற்கு முன்பு, நீர் எந்த இடத்திலிருந்து வருகிறது, வாசிக்கத் தொடங்கி எவ்வளவு நேரம் கழித்து வருகிறது, என்ன நிறத்தில் வருகிறது என்ற மூன்றையும் பார்த்துவிட வேண்டும். வெளியே தெரிவது ஒரே சொட்டுதான் என்றாலும் உள்ளே இருக்கும் காரணம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு நோயாகிவிடுவதும் உண்டு.

நீர் எங்கிருந்து வருகிறது

சொட்டுவதை எச்சில் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அதில் எச்சிலின் பங்கு சிறியது. பெரும்பகுதி, மூச்சுக்காற்றில் இருந்த நீராவி குளிர்ந்து நீராக மாறியதே. வாயிலிருந்து வெளியேறும் காற்று ஏறத்தாழ 34° செல்சியசில், நீராவி நிறைந்த நிலையில் இருக்கிறது. அந்த வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்று சுமார் 38 மில்லிகிராம் நீராவியைத் தாங்கும். குழாயின் உலோகம் 20° செல்சியசில் இருந்தால், அதைத் தொட்டுக் குளிரும் அதே ஒரு லிட்டர் காற்றால் 17 மில்லிகிராம் அளவுக்குத்தான் தாங்க முடியும். மீதமுள்ள சுமார் 20 மில்லிகிராம் குழாயின் உட்சுவரில் துளிகளாகப் படிகிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் ஊதும் ஒருவர், ஊதிய காற்று முழுவதும் அவ்வாறு குளிர்வதாக வைத்துக்கொண்டால், ஐந்து நிமிடத்தில் ஒரு மில்லிலிட்டர் நீரைத் தம் வாத்தியத்துக்குள் சேர்த்துவிடுகிறார். அறையும் உலோகமும் 30° செல்சியசில் இருக்கும்போது லிட்டருக்கு ஏழெட்டு மில்லிகிராம் அளவே படியும். வீட்டில் சொட்டாத வாத்தியம் குளிரூட்டிய அரங்கில் மட்டும் சொட்டுவது ஏன் என்று குழம்புபவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. வாத்தியத்தில் குறை ஒன்றும் இல்லை.

இந்த நீர் வால்வை அடையும்போது, பிஸ்டனுக்கும் அது ஏறி இறங்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் புகப் பார்க்கிறது. நல்ல நிலையில் உள்ள வால்வில் அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். அதை எண்ணெய்ப் படலம் நிரப்பி நிற்கும். படலம் மெலியத் தொடங்கியதும் நீர் அதன் வழியே இறங்கிக் கீழ் மூடியில் தேங்கி, மூடியின் நடுவில் உள்ள துளை வழியாகச் சொட்டுகிறது. அந்தத் துளை நீர் வடிவதற்காக வைக்கப்பட்டதன்று. பிரான்சுவா பெரினே என்பவர் 1839இல் பாரிசில் உருவாக்கிய பிஸ்டன் அமைப்பைத்தான் இன்றைய டிரம்பெட்டும் யூஃபோனியமும் பின்பற்றுகின்றன. அதில் பிஸ்டன் கீழே இறங்கும்போது அதன் அடியில் அகப்படும் காற்று வெளியேற வேண்டும், மேலே எழும்போது காற்று உள்ளே வர வேண்டும். துளை அதற்கானது, நீர் அந்த வழியைத் தனக்கும் பயன்படுத்திக்கொள்கிறது.

ஆகவே, கீழே சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: நீர் உருவாவதை நிறுத்த முடியாது, அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம்.

அறிகுறி: கீழ் மூடியின் நடுத்துளையிலிருந்து தெளிந்த நீர் சொட்டுகிறது

வாசிக்கத் தொடங்கிக் கால் மணி நேரத்துக்குப் பிறகு, நிறமில்லாத நீர், சில நிமிடங்களுக்கு ஒரு சொட்டு என்ற அளவில் விழுந்தால் அது இயல்பானது. இங்கே செய்ய வேண்டியது மூன்று படிகள்: உள்ளே சேரும் நீரை வேறு வழியில் அடிக்கடி வெளியேற்றுவது, எண்ணெய்ப் படலத்தைச் சரியாக வைத்திருப்பது, இவ்விரண்டையும் மீறி வருவதை ஏந்திக்கொள்வது. பலர் முதல் இரண்டையும் தாண்டி நேராக மூன்றாவதற்குப் போய்விடுகிறார்கள்.

வாட்டர் கீயை, அதாவது நீரை வெளியேற்றுவதற்கான துளையைத் திறக்கும் சிறு நெம்பை, அழுத்தி ஊதுவது முதன்மைக் குழாயில் உள்ள நீரை மட்டுமே வெளியேற்றும். வால்வுகளோடு இணைந்த சிறு ஸ்லைடுகளில் (உருவி எடுக்கக்கூடிய வளைந்த குழாய்களில்) நிற்கும் நீர் அங்கேயே நின்று, வால்வு இயங்கும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக உறைக்குள் இறங்குகிறது. ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடையே, அந்தந்த வால்வை அழுத்திப் பிடித்தபடி அதன் ஸ்லைடை உருவி, கவிழ்த்து, நீரை உதறிவிட்டு மீண்டும் பொருத்தினால், அடியில் சொட்டுவது வெகுவாகக் குறையும். வால்வை அழுத்தாமல் இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஸ்லைடு முரண்டும். எண்ணெய்ப் படலமும் கலையும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, கீழ் மூடியின் துளை வழியாகவே எண்ணெயை விட்டு வாத்தியத்தைக் கவிழ்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது விரைவாக முடிகிற வேலைதான்; ஆனால் மூடியில் தங்கியிருக்கும் அழுக்கை அந்த எண்ணெய் பிஸ்டன்மேல் ஏற்றிவிடுகிறது, ஏறாத எண்ணெயும் அடுத்த சில நிமிடங்களில் அதே துளை வழியே உடைமேல் வந்து விழுகிறது. மேல் மூடியைக் கழற்றிப் பிஸ்டனைப் பாதிக்கு மேல் வெளியே எடுத்து, அதன் பளபளப்பான பரப்பில் ஐந்தாறு சொட்டு விட்டு, நேராக இறக்கி, அது தன் இடத்தில் அமர்ந்ததை உறுதி செய்துகொள்வதே சரியான முறை. ஏற்கெனவே ஓரளவு தேய்ந்த வால்வுகளுக்குச் சற்றுக் கெட்டியான வால்வு ஆயில் நீரை நன்றாகத் தடுத்து நிறுத்தும். புதிய, இறுக்கமான வால்வுகளில் அதே எண்ணெய் ஓட்டத்தை மந்தமாக்கும்.

இனி ஏந்துவதற்கான ஏற்பாடுகள். மடியில் ஒரு சிறு துண்டை விரித்துக்கொள்வதுதான் மிக எளியது. ஒத்திகைக்கு அதைவிட மேலானது ஒன்றும் இல்லை என்பதே என் கருத்து. மேடையில் துண்டு அழகாக இருக்காது, எழுந்து நின்று வாசிக்கும்போது விழுந்துவிடும் என்பவர்களுக்கு இரண்டு வகைகள் உள்ளன.

முதல் வகை துணிக் கச்சை. பழைய பருத்தித் துவாலையிலிருந்து, மூன்று கீழ் மூடிகளையும் அடியிலிருந்து மறைத்துப் பக்கவாட்டில் மூன்று செ.மீ. உயரம் ஏறும் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஓரங்களை மடித்துத் தைத்து, இரு முனைகளிலும் எலாஸ்டிக் நாடாவும் ஒட்டுப்பட்டையும் வைத்துக்கொண்டால், வால்வுத் தொகுதியைச் சுற்றி இறுக்கிக் கட்டலாம். துணி, துளைகளோடு ஒட்டி இழுபட்டு நிற்கக்கூடாது. விரல் நுனி நுழையும் அளவுக்காவது தளர்ந்து தொங்க வேண்டும். நனைந்த துவாலை துளையின்மேல் படிந்துவிட்டால் அது ஈரத் தோல்போல் காற்றை அடைத்துவிடும். தைக்கத் தெரியாதவர்கள் குழந்தைகளின் காலுறையில் மேல்பாதியை வெட்டி அடிப்பக்கத்தை முடிச்சிட்டுப் பயன்படுத்தலாம். நீர் ஊறி உடைமேல் படாமல் இருக்கத் துவாலையின் வெளிப்பக்கத்தில் மழைக்குடைத் துணி போன்ற நீர் புகாத துணியை வைத்துத் தைத்தால் ஒரு முழு நிகழ்ச்சிக்கும் தாங்கும்.

இரண்டாம் வகை கிண்ணம். தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியோ மருந்து அளக்கும் சிறு குவளையோ இதற்குப் போதும். உள்ளே பாத்திரம் கழுவும் மெல்லிய பஞ்சில் வட்டமாக வெட்டிய துண்டு ஒன்றை இட்டு, கிண்ணத்தின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு துளைகள் போட்டு, எலாஸ்டிக் நூல் கோத்து, வால்வின் அடியில் தொங்கவிட வேண்டும். கிண்ணத்தின் விளிம்புக்கும் வால்வு மூடிக்கும் இடையே குறைந்தது ஐந்து மி.மீ. இடைவெளி வேண்டும், பஞ்சு மூடியைத் தொடவே கூடாது. தொட்டுக்கொண்டிருக்கும் ஈரப் பஞ்சு ஒரே இரவில் பச்சை படியவைத்துவிடும்.

டூபா போன்ற பெரிய வாத்தியங்களில், நீரைச் சிறு குழாய் மூலம் தொலைவில் உள்ள குப்பிக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டையும் சிலர் செய்கிறார்கள். மீன் தொட்டிகளில் காற்று செலுத்தப் பயன்படும் மென்குழாய் இதற்கு ஏற்றது. இதில் கவனிக்க வேண்டியது, குழாய் குறுகலாக இருந்தால் ஒரே ஒரு சொட்டு அதன் குறுக்கே தக்கையாக நின்று காற்றை அடைத்துவிடும் என்பது. உள் விட்டம் நான்கு மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும், கீழ் முனையைச் சாய்வாக வெட்ட வேண்டும், அந்த முனை குப்பியில் சேர்ந்த நீருக்குள் மூழ்கக் கூடாது. இவ்வளவு நிபந்தனைகள் உள்ள ஓர் ஏற்பாட்டை நான் யாருக்கும் முதலில் பரிந்துரைப்பதில்லை.

கட்டுவதற்கு எதைப் பயன்படுத்துகிறோம் என்பதும் முக்கியம். சாதாரண ரப்பர் வளையத்தில் கந்தகம் உண்டு. வெள்ளி முலாம் பூசிய வாத்தியத்தில் அதைச் சில நாள் விட்டுவைத்தால் கருப்பு வளையம் பதிந்துவிடும். என் கார்னெட்டின் மூன்றாம் வால்வில் அப்படி ஒன்று பதிந்து, தேய்த்து நீக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கம்பளியும் வெள்ளியைக் கருக்கச் செய்யும். துணியால் மூடிய எலாஸ்டிக், தலைமுடி கட்டும் துணிப்பட்டை ஆகியவை பாதுகாப்பானவை. பசையுள்ள நாடாக்களை அரக்குப் பூச்சின்மேல் ஒட்டினால், எடுக்கும்போது பூச்சும் கூடவே வரும்.

அறிகுறி: ஒரு வால்வு மட்டும் மற்றவற்றைவிட மிகுதியாகச் சொட்டுகிறது

காற்று எந்த வால்வை முதலில் அடைகிறதோ அதில் நீர் கூடுதலாகச் சேர்வது இயற்கை. டிரம்பெட்டில் ஊதுகுழாயிலிருந்து புறப்படும் காற்று முதன்மை ஸ்லைடைச் சுற்றி வந்து மூன்றாம் வால்வில்தான் முதலில் நுழைகிறது. பிறகு இரண்டு, ஒன்று என்று கடந்து, ஒலி வெளியேறும் விரிந்த மணிவாய்க்குச் செல்கிறது. யூஃபோனியத்திலும் பெரும்பாலான பிஸ்டன் டூபாக்களிலும் இது நேர்மாறு: காற்று முதலாம் வால்வில் தொடங்குகிறது. ஆகவே டிரம்பெட்டில் மூன்றாவதும் யூஃபோனியத்தில் முதலாவதும் சற்று அதிகம் சொட்டினால் கவலைப்பட ஒன்றும் இல்லை.

வரிசைக்குப் பொருந்தாத ஒரு வால்வு மிகுதியாகச் சொட்டினால், அது தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வால்வின் ஸ்லைடுக்கு நன்றாகக் கிரீஸ் இட்டு, வால்வை அழுத்தாமல் ஸ்லைடை ஒரு செ.மீ. அளவுக்கு மெதுவாக வெளியே இழுத்து, நான்கைந்து விநாடிகள் பிடித்திருந்து, பிறகு வால்வை அழுத்துங்கள். ‘டப்’ என்ற ஓசை எழுந்தால் உள்ளே உண்டான வெற்றிடம் அதுவரை காக்கப்பட்டிருக்கிறது. அதாவது பிஸ்டன் இறுக்கமாக இருக்கிறது. ஓசை எழாமல், ஸ்லைடும் எதிர்ப்பில்லாமல் வந்துவிட்டால் காற்று எங்கோ கசிகிறது. அப்போது எண்ணெய் இட்டுவிட்டு இதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். எண்ணெய்க்குப் பின் ஓசை எழுந்தால் படலம்தான் குறைவாக இருந்தது என்று பொருள். அடிக்கடி எண்ணெய் இடுவதும் சற்றுக் கெட்டியான எண்ணெய்க்கு மாறுவதும் போதும். எண்ணெய்க்குப் பின்னும் ஓசை இல்லையென்றால், பிஸ்டனுக்கு மறுமுலாம் பூசி உறைக்கு ஏற்றபடி இழைக்கும் வேலை தேவைப்படலாம். அது வாத்தியம் பழுதுபார்ப்பவரின் மேசையில் நடக்க வேண்டியது; வீட்டு முறைகளில் அதற்கு மாற்று இல்லை. பிஸ்டனில் வாசலின் அல்லது ஸ்லைடு கிரீஸ் தடவி இடைவெளியை நிரப்பலாம் என்று நினைப்பவர்கள், அடுத்த நாள் அழுத்திய வால்வு எழாமல் நிற்பதைக் காண்பார்கள். சமையல் எண்ணெய் இன்னும் மோசம். அது காலப்போக்கில் பிசினாக இறுகிவிடும்.

அறிகுறி: சொட்டும் நீருக்கு நிறம் இருக்கிறது

வெண்மையாக, நீர் கலந்த பால்போல் வந்தால், நீரும் எண்ணெயும் பிஸ்டனின் ஓட்டத்தில் கடைபட்டுக் கலந்துவிட்டன என்று அறியலாம். எண்ணெய் அளவுக்கு மீறி இடப்பட்டிருக்கலாம், அல்லது நீரை நெடுநேரம் வெளியேற்றாமல் வாசித்திருக்கலாம். பிஸ்டனைத் துடைத்து, உறையையும் துடைத்து, புதிதாக எண்ணெய் இட்டால் சரியாகிவிடும். கனிம எண்ணெய் வகையும் செயற்கை எண்ணெய் வகையும் ஒன்றின்மேல் ஒன்றாக இடப்பட்ட வால்வுகளில் சில வேளை பசைபோன்ற படிவு உண்டாகிறது. எண்ணெயை மாற்ற விரும்பினால் பழையதை முழுவதும் கழுவிவிட்டே மாற்ற வேண்டும்.

சாம்பல் அல்லது கருப்பு நிறம், பழைய எண்ணெயோடு நுண்ணிய உலோகத் துகள்கள் சேர்ந்து வருவதைக் காட்டுகிறது. புதிய வாத்தியத்தில் முதல் சில வாரங்களுக்கு இது இருக்கும். உடையில் பட்டால் எளிதில் போகாத கறை இதுவே என்பதால், வெள்ளைச் சீருடை அணிபவர்கள் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் கீழ் மூடிகளை மட்டுமாவது கழற்றித் துடைத்துவிடுவது நல்லது. ஐந்து நிமிட வேலைதான்.

பச்சை அல்லது நீலம் கலந்து வந்தால், நீர் தேங்கி நிற்கும் இடத்தில் பித்தளையில் உள்ள செம்பு அரிக்கப்படுகிறது. இங்கே கிண்ணமும் கச்சையும் உதவா, கழுவ வேண்டும். பிஸ்டன்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றில் பொறித்திருக்கும் எண்ணின்படி வரிசையாக வைத்து, ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) வளையங்கள் நனையாதபடி தனியே எடுத்துவிட்டு, ஸ்லைடுகளையும் கீழ் மூடிகளையும் கழற்றி, உடல் சூட்டைத் தாண்டாத வெதுவெதுப்பான நீரில் சில துளிகள் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். கொதிநீர் அரக்குப் பூச்சைக் கெடுக்கும். பிறகு மென்மையான தூரிகையால் உள்ளே தேய்த்து, நல்ல நீரில் அலசி, நூல் உதிராத துணியால் உறைகளைத் துடைத்து, முழுவதும் உலர்ந்த பின்பே எண்ணெயும் கிரீசும் இட வேண்டும். கழுவிய பின் பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், துத்தநாகம் நீங்கிச் செம்பு மட்டும் எஞ்சிய இடங்கள் அவை. அவற்றைத் தேய்த்து நீக்க முயலாமல் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி: துளையில் அல்லாமல், மூடியின் மரைப் பகுதியைச் சுற்றி நீர் கசிகிறது

மூடி முழுவதும் முறுக்கப்படவில்லை, அல்லது மரையில் அழுக்கு இருக்கிறது, அல்லது மூடி கோணலாக ஏறியிருக்கிறது. கழற்றி, பழைய பல் துலக்கியால் மரையைத் துடைத்து, ஸ்லைடு கிரீசை மிகச் சிறிதளவு தடவுங்கள். முதலில் இடப்புறமாக மெல்லத் திருப்பி, ‘க்ளிக்’ என்று மரை பொருந்தும் இடத்தை உணர்ந்த பின் வலப்புறமாக விரலால் முறுக்கினால் போதும். இடுக்கியைப் பயன்படுத்தக் கூடாது. மூடி எங்கேனும் விழுந்து நெளிந்திருந்தால் மாற்று மூடி வாங்குவதே தீர்வு.

அறிகுறி: வால்வின் மேற்பகுதி ஈரமாகிறது; விரல் வைக்கும் பொத்தானைச் சுற்றி நீர் தெரிகிறது

நீர் தானாக மேலே ஏறாது. வாத்தியத்தை மணிவாய் கீழே இருக்கும்படி நிறுத்திவைத்ததால் குழாய்களில் இருந்த நீர் வால்வுகளின் மேற்பகுதிக்கு ஓடிவந்திருக்கும். டூபாவை அப்படி நிறுத்துவது பெரும்பாலோர் வழக்கம். படுக்கவைப்பதாலும் இது நேரும். நிறுத்துவதற்கு முன்பு ஒருமுறை நீரை முழுவதும் வெளியேற்றினாலே இது நின்றுவிடும். அளவுக்கு மிஞ்சிய எண்ணெயும் வேகமான விரலோட்டத்தில் மேலே தள்ளப்பட்டு நீர்போல் தோன்றும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தால் வழுவழுப்பிலிருந்து வேறுபாடு தெரிந்துவிடும்.

இதைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. மேல் மூடிக்கு உள்ளும் பொத்தானுக்கு அடியிலும் உள்ள ஃபெல்ட் வளையங்கள் நனைந்து உப்பினாலோ அமுங்கினாலோ, பிஸ்டன் நிற்கும் உயரம் மாறி, அதன் துளைகள் உறையின் குழாய்களோடு நேராகப் பொருந்தாமல் போகும். சுரம் அடைபட்டதுபோல் ஒலித்து, வாசிப்பவர் தம் உதட்டைக் குறை சொல்லிக்கொள்வார். நனைந்த ஃபெல்ட்டை நிழலில் உலர்த்தி, தடிமன் குறைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

அறிகுறி: சொட்டவில்லை, ஆனால் ‘களகள’ என்ற ஒலி கேட்கிறது, பிறகு ஒரேயடியாகக் கொட்டுகிறது

ஏதோ ஒரு ஸ்லைடில் நீர் தேங்கி நிற்கிறது. எது என்று கண்டுபிடிக்க, எந்த வால்வையும் அழுத்தாமல் ஒரு நீண்ட சுரமும், அதன்பின் ஒவ்வொரு வால்வையும் தனித்தனியே அழுத்தி ஒரு சுரமும் வாசித்துப் பாருங்கள். எந்த விரலில் ஒலி நடுங்குகிறதோ அந்த ஸ்லைடில் நீர் இருக்கிறது. எல்லா விரல்களிலும் நடுங்கினால் அது முதன்மைக் குழாயில் இருக்கிறது.

ஈடுசெய் அமைப்புள்ள, அதாவது தாழ்ந்த சுரங்களின் சுருதியைச் சரிசெய்யக் கூடுதல் குழாய்கள் கொண்ட யூஃபோனியங்களிலும் டூபாக்களிலும் இது சற்றுச் சிக்கலானது. நான்காம் வால்வை அழுத்தும்போது காற்று அதன் நீண்ட குழாயைச் சுற்றிவிட்டு மற்ற மூன்று வால்வுகளின் வழியே மறுபடியும் செல்கிறது. அப்போது முதல் மூன்று வால்வுகளில் அழுத்தப்படுபவற்றின் பின்பக்கத்தில் உள்ள சிறு வளையக் குழாய்களும் பாதையில் சேர்கின்றன. அவற்றில் பெரும்பாலும் வாட்டர் கீ இருப்பதில்லை, தாழ்ந்த சுரங்களில் மட்டுமே பயன்படுவதால் நீர் நெடுநேரம் கவனிக்கப்படாமல் தங்கிவிடுகிறது. நான்காவதோடு வேறொரு வால்வும் சேரும்போது மட்டும் ஒலி நடுங்கினால் அந்தச் சிறு குழாய்களை உருவி வடிக்க வேண்டும். உருவ முடியாதபடி இறுகியிருந்தால், நான்கு வால்வுகளையும் அழுத்திப் பிடித்து, வாத்தியத்தை மெல்லச் சாய்த்துச் சுழற்றி நீரை வேறு குழாய்க்கு ஓடவிடலாம். பிடியைத் தளர்த்தினால் நீர் அங்கேயே பூட்டப்படும். ஒரேயடியாகக் கொட்டும் நீர் பெரும்பாலும் இந்தக் குழாய்களிலிருந்து வருவதுதான்.

அறிகுறி: ஏந்தும் ஏற்பாடு செய்த பிறகு வால்வு மெதுவாக எழுகிறது

இதை நான் நேரில் கற்றுக்கொண்டேன். தொடக்கக் காலத்தில், துளையை அடைத்துவிட்டால் சொட்டாது என்று எண்ணி மூன்று துளைகளின்மேலும் நாடா ஒட்டினேன். சொட்டுவது அன்று நின்றது. வால்வுகள் மெத்தைமேல் அழுத்துவதுபோல் இறங்கி, சோம்பலாக எழுந்தன. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று முடிவுசெய்து புதிய ஸ்பிரிங்குகள் போட்டேன், எண்ணெய் மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. நாடாவை உரித்தபோது முதலில் தேங்கிய நீர் முழுவதும் கையில் கொட்டியது, அடுத்த கணமே வால்வு பழைய வேகத்துக்கு வந்தது.

எனவே, ஏற்பாட்டுக்குப் பின் வேகம் குறைந்தால் முதலில் அந்த ஏற்பாட்டையே கழற்றி வைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். வேகம் திரும்பினால் காற்று வழி அடைபட்டிருந்தது. கச்சையைத் தளர்த்துங்கள், கிண்ணத்தை இறக்கிக் கட்டுங்கள். திரும்பாவிட்டால் காரணம் உள்ளே இருக்கிறது: மூடிக்குள் பஞ்சு வைத்திருந்தால் அதன் இழைகள் ஸ்பிரிங்கில் சிக்கியிருக்கலாம். மூடிக்கு உள்ளே எதையும் திணிப்பது எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. ஓட்டை அடைபடாமல் நீரை ஓரமாகத் திருப்பலாம் என்று கூடுதல் துளை போடுவதும் வேண்டாம். துளையிடும்போது விழும் உலோகச் சுருள் ஒன்று மிஞ்சினாலும் பிஸ்டனில் கீறல் விழும்.

அறிகுறி: வால்வு என்று நினைத்த இடம் வால்வே அன்று

கையும் கால்சட்டையும் நனைகின்றன, ஆனால் கீழ் மூடிகளைத் தொட்டால் உலர்ந்திருக்கின்றன. அப்போது வாட்டர் கீயின் தக்கையைப் பாருங்கள். தக்கை ஓரத்தில் நொறுங்கியிருந்தாலோ அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ நீர் கசிந்து, குழாயின் வெளிப்புறமாக வழிந்து, வால்வுத் தொகுதிக்கு அருகில் வந்து சொட்டும். ஒரு காகிதத் துண்டைத் தக்கைக்கு அடியில் சுற்றி வைத்து ஐந்து நிமிடம் வாசித்தால் நனைந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கசிவு நீரோடு நிற்பதில்லை. காற்றும் கசிவதால் சில சுரங்கள் நிலையில்லாமல் ஒலிக்கும். தக்கையை மாற்றுவது வீட்டிலேயே முடிகிற வேலை: பழையதைச் சுரண்டி எடுத்து, அது அமர்ந்திருந்த குழிவைத் துடைத்து, அதே அளவுள்ள புதிய தக்கையையோ சிலிக்கோன் வில்லையையோ ஒட்டி, ஒட்டும் பசை உலரும் வரை ஸ்பிரிங்கின் அழுத்தத்திலேயே விட்டுவிட வேண்டும்.

அறிகுறி: ரோட்டரி வால்வுள்ள வாத்தியத்தில் நீர்

பிரெஞ்சு ஹார்னிலும் ரோட்டரி டூபாவிலும் வால்வு ஏறி இறங்காமல் சுழல்கிறது. அவற்றின் அடியில் திறந்த துளை இல்லாததால் சொட்டுவது அரிது. நீர் ஸ்லைடுகளிலேயே தங்கி ஒலியைக் கலைக்கும். தீர்வும் வடிப்பதுதான், ஹார்ன் வாசிப்பவர்கள் வாத்தியத்தைச் சக்கரம்போல் சுழற்றி, பிறகு ஸ்லைடை உருவுவது இதனால்தான். பின்மூடியின் ஓரத்தில் ஈரம் தெரிந்தால் மூடியைக் கழற்றித் துடைத்து, தாங்கியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடியை நேராக வைத்து முறுக்கிப் பொருத்துங்கள். ஸ்லைடு கிரீஸ் மிகுதியாக இருந்தால் நீர் அதை ரோட்டருக்குள் அடித்துச் சென்று சுழற்சியை மந்தமாக்கும். ஆகவே ஸ்லைடைப் பொருத்தும்போது உள்முனையில் பிதுங்கும் கிரீசைத் துடைத்துவிட்டே பொருத்த வேண்டும்.

எந்த வகை வாத்தியமானாலும், வாசித்து முடித்ததும் கச்சையையோ பஞ்சையோ வாத்தியத்தோடு பெட்டிக்குள் வைக்காமல் வெளியே எடுத்து, சோப்பு நீரில் அலசி, காற்றில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூடிய பெட்டியில் ஒரே வாரத்தில் பூசண வாடை வந்துவிடும், அதே ஈரம் வெளிப்பூச்சிலும் வேலையைக் காட்டும். இரண்டு கச்சைகள் தைத்து வைத்துக்கொண்டால், ஒன்று கொடியில் காயும்போது மற்றது வாத்தியத்தில் இருக்கும்.